சென்னையிலிருந்து லண்டன்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

லண்டனுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இதற்குள் கும்பகோணத்திலிருந்து அம்மாவை நான்கு முறை அழைத்து வந்திருக்கிறேன். இரண்டு முறை கூடவே பயணம் செய்தேன், இரண்டு முறை அவளே தனியாக வந்தாள். அப்பா அம்மாவை முதல்முறை இங்கே வரவழைக்கிற நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதி வைத்துவிட்டால் தேவைப்படும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

சென்னைக்கும் லண்டனுக்கும் எத்தனை கிலோமீட்டர்?

மீனம்பாக்கத்திலிருந்து ஹீத்ரோவரை, பூமியின் வளைவை ஒட்டி மிகக் குறுகிய கோட்டில் அளந்தால் 8,200 கி.மீ.க்குச் சற்று அதிகம். மைலில் 5,100 சொச்சம். ஒரு இடத்தில் 8,190 என்றும் இன்னொரு இடத்தில் 8,240 என்றும் பார்த்தால் குழம்ப வேண்டாம். சிலர் விமான நிலையத்திலிருந்து அளக்கிறார்கள், சிலர் ஊரின் நடுவிலிருந்து அளக்கிறார்கள். ஹீத்ரோவே லண்டனின் மேற்கு ஓரத்தில்தான் இருக்கிறது.

வரைபடத்தில் பார்த்தால் சவுதி, எகிப்து வழியாகத்தானே போக வேண்டும்? ஏன் வடக்கே ஏறிப் போகிறது?

இதை அம்மாவுக்குப் புரியவைத்த கதையைச் சொல்கிறேன். சீட்டுக்கு முன்னால் இருந்த திரையில் விமானத்தின் பாதை வில் மாதிரி வளைந்து தெரிந்தது. "நேரா போகாம ஏன்டா சுத்திக்கிட்டுப் போறான்?" என்று கேட்டாள். அப்போது என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்ததும் மகளுடைய பூகோள உருண்டையை எடுத்து வைத்தேன். அம்மாவின் பெட்டியில் பூக்கட்டுகிற நூல்கண்டு இருந்தது. ஒரு முனையைச் சென்னையில் கட்டைவிரலால் அழுத்தி, மறுமுனையை லண்டனில் வைத்து இழுத்துப் பிடித்தேன். தொய்வில்லாமல் இழுத்தால் நூல் தானாகவே வடக்கே நகர்ந்து உட்காருகிறது. அம்மாவும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். நூலைத் தெற்கே தள்ளி சவுதி மேல் வைத்தால் நீளம் போதாமல் லண்டனை எட்டவில்லை. அதற்குப்பிறகு அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த நூல் போகிற வழி இதுதான்: தக்காணம், குஜராத் பக்கம், பாகிஸ்தானின் சிந்து மாகாணம், ஈரான், பிறகு காஸ்பியன் கடல். மொத்தப் பயணத்தின் சரிபாதி அந்தக் கடலின் மேலே, அஜர்பைஜானின் பாக்கு நகரத்துக்குக் கொஞ்சம் தெற்கே வருகிறது. அங்கிருந்து காக்கசஸ் மலைகள், கருங்கடலின் வடகரை, உக்ரைன், போலந்து, ஜெர்மனி, வடகடல் ஓரம், லண்டன். சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் பாதிவழி சிரியா, ஈராக் பாலைவனத்தில் விழும். உருண்டையைத் தட்டையாக விரித்ததால் வந்த பிழை அது.

பயண நேரம் எவ்வளவு?

நேரடி விமானத்தில் சென்னையிலிருந்து லண்டன் போக சுமார் 11 மணி நேரம், திரும்பி வர 10 மணி நேரம் சொச்சம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் இந்தத் தடத்தில் பல ஆண்டுகளாக நேரடி விமானம் விடுகிறது. மற்றவை எல்லாம் வழியில் ஓரிடத்தில் இறங்கி மாறுகிற பயணங்கள். அவற்றுக்கு 13 மணி நேரத்திலிருந்து ஒரு முழுநாள்வரை ஆகலாம்.

விமானம் மணிக்கு 900 கி.மீ. போகிறதென்றால் 9 மணி நேரத்தில் போய்விட வேண்டுமே?

கணக்கு சரிதான். காற்றே இல்லாமல், குறுகிய கோட்டிலேயே, ஏறவும் இறங்கவும் நேரம் எடுக்காமல் போனால் 9 மணி 10 நிமிடம். மீதி இரண்டு மணி நேரம் எங்கே போகிறதென்று பிரித்துப் பார்க்கலாம்.

லண்டன் போகும்போது எதிர்க்காற்று. வழி முழுக்க சராசரியாக மணிக்கு 50 கி.மீ. காற்று எதிர்த்தால், தரையைப் பொறுத்து வேகம் 850 ஆகிவிடும். அரை மணி நேரம் அதிலேயே போச்சு. அப்புறம் பாதை. மேலே சொன்ன நூல் பாதையில் இன்று யாரும் முழுசாகப் பறக்க முடியாது, ஏனென்றால் உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. சுற்றிப்போவதில் 400 கி.மீ. கூடினால் இன்னொரு அரை மணி.

மிச்சம் தரையிலும் லண்டன் வானத்திலும் கரைகிறது. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம், விமானம் வாசலை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வாசலில் வந்து நிற்பதுவரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் சேர்த்தி. ஹீத்ரோவுக்கு இரண்டே ஓடுபாதைகள். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கும் மேல் விமானங்கள் அவற்றில் ஏறி இறங்குகின்றன. அதனால் லண்டனைச் சுற்றி நான்கு இடங்களில் விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வட்டமடிக்க வைத்து, ஒவ்வொன்றாக இறக்குவார்கள். ஜன்னலில் ஒரே ஏரி இரண்டு மூன்று தடவை தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை, வரிசையில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது மட்டும் ஏன் சீக்கிரம்?

காற்றுதான் காரணம். பூமியின் நடு அட்சரேகைகளில், 10 கி.மீ. உயரத்துக்குப் பக்கத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெரிய காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். துருக்கி, ஈரான் மேலே இது குளிர்காலத்தில் மணிக்கு 150, 200 கி.மீ. என்று வீசும். சில நாள் அதற்கும் மேல். லண்டனிலிருந்து வரும்போது அது முதுகில் தள்ளுகிறது, போகும்போது முகத்தில் அடிக்கிறது. டிசம்பரில் திரும்பி வந்தபோது திரையில் தரை வேகம் 1,040 என்று காட்டியது. அதே வாரம் போகும்போது 790க்கும் 850க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. விமானம் காற்றுக்குள் போகிற வேகம் இரண்டு நாளும் ஒன்றேதான்.

கோடையில் இந்தக் காற்று வடக்கே விலகி வலுவும் குறையும். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை சென்னை அட்சரேகைக்கு மேலே, இன்னும் உயரத்தில், நேர்மாறாகக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றோட்டம் உண்டு. தென்மேற்குப் பருவமழையோடு வருவது அது. அதனால் ஜூலையில் போகிறவர்களுக்கும் ஜனவரியில் போகிறவர்களுக்கும் நேரம் ஒன்றாக இருக்காது. குளிர்காலத்தில் லண்டன் போகிறீர்கள் என்றால் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டுக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டில் காலை 5:30க்குப் புறப்பட்டு 11 மணிக்கு லண்டன் என்று இருக்கிறது. ஐந்தரை மணி நேரப் பயணமா?

இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பமே கிடையாது. 5:30, 11:00 இரண்டும் அந்தந்த ஊர் நேரம். சென்னையில் 5:30க்குக் கிளம்பி 11 மணி நேரம் பறந்தால் நம் கடிகாரத்தில் மாலை 4:30. அப்போது லண்டனில், குளிர்காலமாக இருந்தால், காலை 11 மணி. வித்தியாசம் ஐந்தரை மணி நேரம்.

கோடையில் அந்த வித்தியாசம் நாலரை ஆகிவிடும். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால் கொண்டுவருவார்கள். நாம் எதுவும் மாற்றுவதில்லை. அந்த வாரங்களில் பயணம் என்றால் டிக்கெட்டை இரண்டு முறை பாருங்கள்.

திரும்பும்போது இதே கணக்கு தலைகீழ். குளிர்காலத்தில் பகல் 1 மணிக்கு லண்டனில் ஏறினால், பத்தேகால் மணி நேரம் கழித்து லண்டன் கடிகாரத்தில் இரவு 11:15. சென்னையில் மறுநாள் விடியற்காலை 4:45. சென்னையில் அழைக்க வருகிறவரிடம் "நாளைக்கு" என்று சொல்லாதீர்கள், தேதியையும் கிழமையையும் சொல்லுங்கள். இதில் தவறு நடந்து, என் சித்தப்பா ஒரு நாள் முன்னதாகவே கும்பகோணத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு மீனம்பாக்கம் வந்து நின்றிருக்கிறார். சொன்னது நான்தான்.

துபாய் வழியாகப் போனால் தூரம் எவ்வளவு கூடும்?

நம்ப மாட்டீர்கள், 200 கி.மீ.தான் கூடும். சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,930 கி.மீ., அங்கிருந்து ஹீத்ரோ சுமார் 5,500. கூட்டினால் 8,430. வளைகுடா ஊர்கள் எல்லாம் இந்தப் பாதைக்குப் பக்கத்திலேயே இருப்பதால்தான் நம் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் துபாய், தோஹா, அபுதாபி வழியாகப் போகிறார்கள். பறக்கும் நேரம் முக்கால் மணியோ ஒரு மணியோதான் கூடும். நேரத்தைத் தின்பது நடுவில் காத்திருப்பது.

காத்திருப்பு ஒன்றரை மணிக்குக் குறைவாக இருக்கிற டிக்கெட்டை வயதானவர்களுக்கு எடுக்காதீர்கள். முதல் விமானம் அரை மணி தாமதமானாலே இரண்டாவது போய்விடும். அந்தப் பெரிய விமான நிலையங்களில் ஒரு வாசலிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கவே இருபது நிமிடம் ஆகும். இரண்டரை முதல் நாலு மணி நேரம் நல்ல இடைவெளி. இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் மாற்று ஏற்பாடு செய்ய யாருக்கும் கடமை இல்லை.

எழுபது தாண்டியவர்கள், தனியாக வருகிறார்கள், ஆங்கிலம் அவ்வளவாக வராது என்றால் பணம் கொஞ்சம் கூடினாலும் நேரடி விமானமே எடுங்கள். இது என் உறுதியான அபிப்பிராயம். அம்மா ஒருமுறை வழியில் மாறி வந்தாள். காத்திருந்த நாலு மணி நேரமும் வாசல் மாறிவிடுமோ என்று பாத்ரூம்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தாளாம். வந்து இரண்டு நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள்.

கொழும்பு, யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களுக்கு?

கொழும்பிலிருந்து ஹீத்ரோ சுமார் 8,700 கி.மீ. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் நேரடியாகப் பறக்கிறது. யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருப்பதால் அந்த வழியும் சிலருக்குக் கைகொடுக்கும். ஆனால் சென்னையில் வெளியே வந்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருந்தால் இந்திய விசா தேவைப்படும், அதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே விமானம், ஒரே தடம். ஒரு மாதம் 10 மணி 40 நிமிடம், இன்னொரு மாதம் 11 மணி 30 நிமிடம். ஏன்?

காற்று பாதிக் காரணம். மீதிப் பாதி கீழே தரையில் நடக்கிற சண்டைகள். இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே உள்ள வானம் உலகத்திலேயே அடிக்கடி மூடித் திறக்கிற வானங்களில் ஒன்று. 2019 பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதிவரை பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடி வைத்திருந்தது. 2025 ஏப்ரலில் மறுபடி இந்திய விமான நிறுவனங்களுக்கு மட்டும் மூடியது. அதே ஆண்டு ஜூனில் இஸ்ரேல், ஈரான் போரின்போது ஈரான், ஈராக் வான்வெளி நாட்கணக்கில் மூடப்பட்டது.

ஒவ்வொரு முறையும் பாதை மாறும். ஒரு நாள் அரபிக்கடல், ஓமன், சவுதி, எகிப்து, மத்தியதரைக் கடல் என்று தெற்கே இறங்கிப் போகும். ஒரு நாள் ஈராக், துருக்கி. சுற்று வழி என்றால் நேரம் மட்டுமல்ல, பெரிய விமானம் மணிக்கு ஐந்து டன் அளவில் எரிபொருள் குடிக்கிறது, அதுவும் கூடும். கட்டணத்தில் அது ஒருநாள் வந்து உட்காரும். எந்த நிறுவனத்தின் விமானம் என்பதும் முக்கியம். பாகிஸ்தான் தடை இந்திய நிறுவனங்களுக்குத்தான் என்பதால், டெல்லி வழியாக இந்திய விமானத்தில் போகிறவர்களுக்கு அந்தச் சுற்று தப்பாது.

பகலா, இரவா? தூங்க முடியுமா?

சென்னையில் விடியற்காலை ஏறினால் லண்டன்வரை பகல்தான். மேற்கே போகப்போக நாமும் சூரியன் போகிற திசையிலேயே போகிறோம். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. விமானம் 80 பாகை தீர்க்கரேகையை 11 மணி நேரத்தில் கடக்கிறது, அதாவது மணிக்கு ஏழு பாகைக்கு மேல். அதனால் ஜன்னலில் சூரியன் பாதி வேகத்தில்தான் நகரும். முதல்நாள் இரவே மீனம்பாக்கம் வந்து கண்விழித்திருந்தவர்களுக்கு இந்த முடியாத காலை பெரிய சோதனை. கண்ணை மூட ஒரு துணிப்பட்டை கொண்டுபோங்கள்.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை எந்த நேரப்படி சாப்பிடுவது?

புறப்படும் முன் உங்கள் டாக்டரிடம் ஊர் நேரத்தையும் லண்டன் நேரத்தையும் எழுதிக் காட்டிக் கேளுங்கள். அம்மாவுக்கு எங்கள் டாக்டர் சொன்னது: விமானத்துக்குள் இந்திய நேரம், இறங்கிய மறுநாளிலிருந்து லண்டன் நேரம். அதற்காகவே அம்மா கைக்கடிகாரத்தை மாற்றவே மாட்டாள். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது, ஐந்தரை மணி நேரம் நாள் நீளுவது மருந்தின் அளவையே பாதிக்கும். மருந்தெல்லாம் கைப்பையில், மருந்துச்சீட்டோடு. பெரிய பெட்டியில் போட்டால் அது வேறு விமானத்தில் போய்விடக்கூடும், இன்சுலின் குளிரில் உறைந்தும் போகலாம்.

காது அடைப்பு, கால் வீக்கம்?

வெளியே 11 கி.மீ. உயரம் என்றாலும் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். பழைய விமானங்களில் உள்ளே இருப்பது 8,000 அடி மலையில் இருப்பது போல, ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரம். 787 ட்ரீம்லைனர் போன்ற புதியவற்றில் 6,000 அடி, குன்னூர் மாதிரி. 11 மணி நேரத்துக்கு அந்த வித்தியாசம் உடம்புக்குத் தெரியும். காலுக்கு நடைதான் மருந்து. ஓரத்து சீட் கேளுங்கள், மணிக்கு ஒருமுறை எழுந்து கழிவறைவரை நடந்து வரச் சொல்லுங்கள். அம்மா சின்னப் பயணத்தில் கூச்சப்பட்டு எழுந்திருக்கவே மாட்டாள். ஆகையால் ஒவ்வொரு முறையும் ஓரத்து சீட்டை நானே தேர்ந்தெடுத்து வைத்துவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் எவ்வளவு நாள் ஆகும்?

கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்தில் நெவாசா என்ற கப்பலில் ஏறினார். லண்டன் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 14. இருபத்தெட்டு நாள். அதுவும் சூயஸ் கால்வாய் இருந்ததால்.

விமானம் வந்ததும் முதலில் பறந்தது கடிதங்கள். 1929 மார்ச் 30 முதல் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டனிலிருந்து கராச்சிவரை ஏழு நாளில் தபால் கொண்டுவந்தது, அதிலும் ஐரோப்பாவில் ஒரு பகுதி ரயில்தான். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா அந்தத் தபாலைக் கராச்சியில் வாங்கிக்கொண்டு ஒரு சின்ன விமானத்தைத் தானே ஓட்டி பம்பாய் வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டி வந்தார். லண்டன் தபால் விமானத்தில் நம் ஊருக்கு வந்து இறங்கிய தொடக்கம் அது. 1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியாவின் மலபார் பிரின்சஸ் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் பறந்தது. சென்னைக்காரர்கள் அதற்கு முதலில் பம்பாய் போய்ச் சேர வேண்டும்.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை எவ்வளவு?

எங்கள் கணக்கு இது: கும்பகோணத்திலிருந்து மீனம்பாக்கம் காரில் ஆறரை மணி நேரம், வழியில் சாப்பாடு சேர்த்து. விமானத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் உள்ளே. பறப்பது பதினொன்று. இறங்கியபின் ஒன்றேகால் மணி, வீட்டுக்குக் காரில் முக்கால் மணி. மொத்தம் 23 மணி நேரம். எழுபத்திரண்டு வயது உடம்புக்கு இது பெரிய வேலை. ஆகவே இப்போதெல்லாம் ஒரு நாள் முன்னதாகவே சென்னையில் அத்தை வீட்டில் தங்கவைத்துவிடுகிறோம்.

ஹீத்ரோவில் அழைக்கப் போகிறவர் எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

டிக்கெட்டில் உள்ள நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். விமானம் எங்கே வருகிறதென்று போனிலேயே பார்க்கலாம், கருங்கடல் தாண்டிவிட்டால் இன்னும் ஏறக்குறைய மூன்று மணி நேரம் இருக்கிறது. இறங்கியபின் இமிக்ரேஷன், லக்கேஜ் எல்லாம் முடிய ஒரு மணி நேரமாவது ஆகும். வீல்சேர் கேட்டிருந்தால் ஆள் கூடவே வந்து கதவுவரை கொண்டுவிடுவார், அதை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் என்றால் காரில் வைத்துவிட்டு வராமல் ஸ்வெட்டரையும் குல்லாவையும் கையிலேயே வைத்திருங்கள். கதவைத் தாண்டி வெளியே வரும்போது அவர்கள் மேலே சென்னையில் போட்ட பருத்திப் புடவைதான் இருக்கும்.